பெயர் நிற்கப் பொருள் மாறுதல்: தரவுத்தள மறுபெயர்களின் சரிபார்ப்பு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தரவுத்தளத்தில் உள்ள ஓர் அட்டவணையை வேறொரு பெயரால் அழைப்பதற்கு ‘சினானிம்’ என்னும் வசதி பயன்படுகிறது. இப்பெயர் தான் சுட்டும் அட்டவணையோடு பெயரளவில் மட்டுமே பிணைக்கப்பட்டுள்ளது. அவ்வட்டவணை நீக்கப்படலாம், அதன் இடத்தில் வேறொன்று வைக்கப்படலாம், ஆயினும் பெயர் மாறாமல் நிற்கும். எஸ்க்யூஎல் சர்வர், ஆரக்கிள் ஆகிய இரு மென்பொருள்களில் இவ்வசதி அமைந்துள்ள முறையையும், அதனைச் சரிபார்ப்பதற்கு இன்று வழக்கிலுள்ள வழிமுறைகளையும் இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. வழக்கிலுள்ள சரிபார்ப்பு, பெயருக்குப் பொருள் ‘உண்டா’ என்று மட்டுமே வினவுகிறது. ‘அதே பொருளா’ என்று வினவுவதில்லை. சொல்லடைவு, தொகைநூல் தரவகம் போன்றவற்றைச் சார்ந்து முடிவு கூறும் தமிழாய்வுக்கு இரண்டாம் வினாவே இன்றியமையாதது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தரவுத்தளம், மறுபெயர், மீதரவு, அடிப்படை அட்டவணை, நிகண்டு, பதிப்பு, சரிபார்ப்பு

முன்னுரை

தமிழ் இலக்கியப் பனுவல்களைத் தரவுத்தளத்தில் ஏற்றிச் சொற்களின் வருகையைக் கணக்கிட்டு, அக்கணக்கின் அடிப்படையில் முடிவு கூறும் ஆய்வுகள் அண்மைக்காலத்தில் பெருகி வருகின்றன. இத்தகைய ஆய்வுகளில் எண்ணிக்கை அட்டவணைகள் இடம்பெறுகின்றன. அவ்வெண்ணிக்கையைத் தந்த வினவல் சிலவற்றில் பின்னிணைப்பாகத் தரப்படுகிறது. ஆனால் அவ்வினவலில் இடம்பெறும் அட்டவணைப்பெயர் உண்மையில் எதனைச் சுட்டியது என்பது பெரும்பாலும் கூறப்படுவதில்லை. பெயர் கூறப்பட்டுவிட்டதனால் பொருளும் கூறப்பட்டுவிட்டதாகக் கொள்ளப்படுகிறது.

இக்கொள்கை எவ்வளவு வலுவற்றது என்பதை இக்கட்டுரையாளர் தம் சொந்தப் பிழையின் வழியே உணர நேர்ந்தது. குறுந்தொகையில் ‘என’ என்னும் இடைச்சொல்லின் வருகையைக் கணக்கிடும் பொருட்டுத் தாமே அமைத்த சிறு தரவுத்தளத்தில், ‘குறுந்தொகை’ என்ற பெயர் ஓர் அட்டவணையின் பெயரன்று. ஓர் அட்டவணையைச் சுட்டும் மறுபெயர் மட்டுமே. தரவுத்தளத்தை வேறொரு கணினிக்கு மாற்றியபோது அம்மறுபெயர் வேறோர் அட்டவணையைச் சுட்டுமாறு மீண்டும் உருவாக்கப்பட்டுவிட்டது. எவ்விதப் பிழைச் செய்தியும் எழவில்லை. வினவல் இயங்கியது, எண் கிடைத்தது, அவ்வெண் ஓர் இயலின் வரைவிலும் ஏறியது. மனப்பாடமாக அறிந்த சில பாடல்கள் விடைப்பட்டியலில் இல்லாமையைக் கண்டபின்னரே பிழை புலனாயிற்று. இந்நிகழ்வு தனியொருவரின் கவனக்குறைவு என்று ஒதுக்கத்தக்கதா, அன்றி இவ்வசதியின் அமைப்பிலேயே அதற்கு இடம் உள்ளதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கலைச்சொல்லும் நிகண்டு மரபும்

‘சினானிம்’ என்னும் சொல்லைத் தமிழில் ஒத்தசொல், இணைச்சொல், ஒருபொருட்பன்மொழி எனப் பலவாறு பெயர்க்கலாம். மொழியியலில் இவை பொருந்தலாம். எனினும், ஒருபொருட்பன்மொழி என்பதை நன்னூலார் அடுத்தடுத்து நின்று ஒருபொருளையே சிறப்பித்துணர்த்தும் சொற்களுக்குரிய பெயராக ஆளுதலின் அது இங்குப் பொருந்தாது. ஏனையவும் தரவுத்தளச் சூழலில் ஒரு தவறான எண்ணத்தைத் தோற்றுவிக்கின்றன. இதனை நிகண்டு மரபோடு ஒப்பிட்டால் தெளியலாம்.

சேந்தன் திவாகரரின் திவாகரம் 12 தொகுதிகளைக் கொண்டது. முதல் 10 தொகுதிகள் ஒருபொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுக்கின்றன. 11ஆம் தொகுதி ஒருசொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுகிறது. 12ஆம் தொகுதி தொகைப்பெயர்களைக் கூறுகிறது. முதல் 10 தொகுதிகளின் அமைப்பில் இரண்டு இயல்புகள் நோக்கத்தக்கன. ஒன்று, பொருளே அடிப்படை. பெயர்கள் அதன்கீழ் அடுக்கப்படுகின்றன. மற்றொன்று, அடுக்கப்பட்ட பெயர்கள் தம்முள் சமநிலை உடையன. ஒன்று நீங்கினும் மற்றவை தம் பொருளை இழப்பதில்லை.

தரவுத்தளச் சினானிமில் இவ்விரு இயல்புகளும் இல்லை. அங்கே பெயரே முதலில் பதிவாகிறது; பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்பதிவு நடைபெறும். மேலும் அட்டவணையின் சொந்தப்பெயரும் சினானிமும் சமநிலை உடையன அல்ல. சொந்தப்பெயர் அட்டவணையோடு பிறந்து அதனோடு அழிவது. சினானிம் அச்சொந்தப்பெயரைச் சுட்டுவது மட்டுமே. அது பொருளின் பெயரன்று, பெயரின் பெயர். ஆதலின் இக்கட்டுரை ‘மறுபெயர்’ என்ற சொல்லையே ஆளுகிறது. ‘ஒத்தசொல்’ என்னும் பெயர்ப்பு, இல்லாத சமநிலையை இருப்பதாகக் காட்டிச் சரிபார்க்கும் தேவையையே மறைத்துவிடுகிறது.

இவ்வொப்பீட்டை வரையறையின்றி நீட்டுதலும் தவறாகும். நிகண்டும் பொருளை நேரே காட்டுவதில்லை. அடுக்கப்பட்ட பெயர்களுள் ஒன்றையேனும் முன்னரே அறிந்தவனுக்கே மற்றவை விளங்கும். ஆயினும் நிகண்டைக் கற்பவன் தன் அறிவால் அக்குறையை நிரப்பிக்கொள்கிறான். வினவலை இயக்கும் கணினி அவ்வாறு நிரப்பிக்கொள்வதில்லை. அது சுட்டப்பட்ட இடத்தில் எது இருக்கிறதோ அதனை எடுத்துக் கொடுக்கும்.

2. எஸ்க்யூஎல் சர்வரில் மறுபெயரின் அமைப்பு

எஸ்க்யூஎல் சர்வரில் மறுபெயர் வசதி 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் அறிமுகமாயிற்று. இதன் அலுவல்முறை ஆவணமே, மறுபெயருக்கும் அடிப்படைப் பொருளுக்கும் உள்ள பிணைப்பு பெயரால் மட்டும் ஆனது என்பதையும், பொருள் உள்ளதா, எவ்வகையினது, அணுக அனுமதி உண்டா என்னும் சோதனைகள் வினவல் இயங்கும் நேரத்திற்குத் தள்ளிவைக்கப்படுகின்றன என்பதையும் கூறுகிறது. எனவே எந்நாளும் இருந்திராத ஓர் அட்டவணைக்கும் மறுபெயர் உருவாக்கலாம். உருவாக்கும் கட்டளை வெற்றி பெற்றது என்பது எதற்கும் சான்றாகாது.

மறுபெயர்களைப் பற்றிய மீதரவு ‘சிஸ்.சினானிம்ஸ்’ என்னும் அமைப்புப் பட்டியலில் உள்ளது. சுட்டப்படும் பொருளின் பெயர் அங்கு ஓர் எழுத்துச்சரமாகவே சேமிக்கப்படுகிறது. அப்பெயர் சர்வர், தரவுத்தளம், ஸ்கீமா, பொருள் என நான்கு பகுதிகள் வரை கொண்டதாக இருக்கலாம். அடிப்படை அட்டவணையின் அடையாள எண்ணோ, அதன் புலங்களோ, அது உருவான நாளோ அங்கு இல்லை. தகவல்தொகுதிக் காட்சிகள் எனப்படும் பொதுத்தர மீதரவுப் பட்டியல்களிலும் மறுபெயருக்கென்று ஓர் இடம் இல்லை. புலங்களைப் பட்டியலிடும் ‘சிஸ்.காலம்ஸ்’ பட்டியலில் மறுபெயரின் அடையாள எண்ணைக் கொண்டு தேடினால் ஒரு புலமும் கிடைக்காது. மறுபெயருக்குத் தனக்கெனப் புலங்கள் இல்லை என்பதே காரணம்.

இங்கே முதற்கட்டத் தவறு ஒன்று நேர்வதுண்டு. பெயரைக் கொடுத்து அடையாள எண்ணைப் பெறும் ‘ஆப்ஜெக்ட்_ஐடி’ செயற்கூற்றுக்கு மறுபெயரை நேரே கொடுத்தால் மறுபெயரின் எண்ணே கிடைக்கும். அட்டவணையின் எண் கிடைக்காது. எண் கிடைத்ததைக் கொண்டு அட்டவணை உள்ளது என்று முடிவு செய்தல் பிழை. சிஸ்.சினானிம்ஸ் பட்டியலில் உள்ள அடிப்படைப் பெயரை எடுத்து, அதனை அச்செயற்கூற்றுக்குக் கொடுத்தால்தான் அடிப்படைப் பொருளின் எண் கிடைக்கும்.

இரண்டாம் கட்டத் தவறு இதனினும் நுட்பமானது. அவ்வாறு கொடுத்தும் வெற்றுமதிப்பு கிடைக்குமாயின் அட்டவணை இல்லை என்று முடிவு செய்யலாமா? கூடாது. அட்டவணை உண்மையிலேயே இல்லாதிருக்கலாம். இணைக்கப்பட்ட வேறொரு சர்வரில் இருத்தலால் இச்செயற்கூற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டிருக்கலாம். வினவுபவருக்கு அதன் மீதரவைக் காணும் அனுமதி இல்லாதிருக்கலாம். மூன்று வேறு காரணங்களுக்கும் விடை ஒரே வெறுமையே. இல்லாமையையும் தெரியாமையையும் வேறுபடுத்திக் காட்டாத மீதரவு, சான்று என்ற நிலையில் குறையுடையதே.

பொருத்தமான அமைப்புக் கூறுகளும் இதில் உண்டு. ஒரு மறுபெயர் மற்றொரு மறுபெயரைச் சுட்டுமாறு இயங்குவதை எஸ்க்யூஎல் சர்வர் அனுமதிப்பதில்லை. வினவும்போது அச்சங்கிலி பிழையாக அறிவிக்கப்படுகிறது. ஸ்கீமாவோடு இறுகப் பிணைக்கப்பட்ட வியூக்களிலும் செயற்கூறுகளிலும் மறுபெயரைப் பயன்படுத்த இயலாது. உறுதியான பிணைப்பு வேண்டிய இடத்தில் மறுபெயர் தகாது என்பதை மென்பொருளே இதன்வழி ஒப்புக்கொள்கிறது. 2012ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், ஒரு வினவலை இயக்காமலேயே அது தரவிருக்கும் புலங்களின் பெயர், வகை ஆகியவற்றைக் கூறும் வசதியும் உள்ளது. மறுபெயரின் மீது எழுதிய வினவலை இதற்குக் கொடுத்தால், அடிப்படை அட்டவணையின் புல விவரங்களை நேரே காணலாம்.

3. ஆரக்கிளில் மறுபெயரின் அமைப்பு

ஆரக்கிளிலும் மறுபெயரை உருவாக்கும்போது பொருள் உள்ளதா என்று பார்க்கப்படுவதில்லை. ‘ஆல்_சினானிம்ஸ்’ பட்டியல் மறுபெயரின் உரிமையாளர், மறுபெயர், சுட்டப்படும் பொருளின் உரிமையாளர், அதன் பெயர், தொலைத் தரவுத்தளத்தில் இருந்தால் அதற்கான இணைப்பு ஆகியவற்றைத் தருகிறது. இங்குச் சுட்டப்படும் பொருளின் பெயரைத் தாங்கும் புலத்திற்கு ‘அட்டவணைப்பெயர்’ என்றே பெயரிடப்பட்டுள்ளது. ஆனால் அங்கே வியூ, நிரல், எண்வரிசை உருவாக்கி என எதன் பெயரும் இருக்கலாம். மீதரவின் புலப்பெயரே தன் உள்ளடக்கத்தைத் தவறாகக் குறிப்பது இங்குக் காணப்படும் முரண். அப்புலத்தில் ஒரு பெயர் இருப்பதைக் கொண்டு அது அட்டவணையே என்று கொள்ளலாகாது. பொருள்களின் பொதுப்பட்டியலில் தேடி அதன் வகையை உறுதிசெய்தல் வேண்டும்.

எஸ்க்யூஎல் சர்வரைப் போலன்றி, ஆரக்கிள் மறுபெயர்ச் சங்கிலியை அனுமதிக்கிறது. ஆதலின் ஒருபடி சென்று பார்த்தல் போதாது. இறுதிப்பொருள் கிட்டும்வரை தொடர வேண்டும். சங்கிலி வட்டமாகச் சுழன்றால் 01775 என்னும் எண்ணுடைய பிழை எழும். மறுபெயரின் பொருள் நீக்கப்பட்டிருந்தால் 00980 என்னும் எண்ணுடைய பிழை எழும். ஆனால் தான் சுட்டும் அட்டவணையின் பெயரையே தாங்கிய ஒரு பொது மறுபெயர், அவ்வட்டவணை நீக்கப்பட்ட நிலையில், சுழற்சிப் பிழையையே காட்டக்கூடும். அட்டவணையைத் தேடும் பெயர் மீண்டும் அம்மறுபெயரிடமே வந்து சேர்வதே இதற்குக் காரணம். பயனர் இல்லாத சங்கிலியைத் தேடி அலைகிறார். உண்மையில் இல்லாதது அட்டவணை.

பொது மறுபெயர் என்பது எல்லாப் பயனர்க்கும் உரிய பெயர். ஒரு பெயர் வினவலில் வரும்போது ஆரக்கிள் முதலில் பயனரின் சொந்த ஸ்கீமாவில் தேடும். அங்கில்லையெனில்தான் பொது மறுபெயரை நாடும். எனவே ஒரு பயனர் தம் ஸ்கீமாவில் அதே பெயரில் சிறு சோதனை அட்டவணை ஒன்றை உருவாக்கினால், அந்நொடி முதல் அவருக்கு மட்டும் அப்பெயரின் பொருள் மாறிவிடுகிறது. ஒரே வினவலை இருவர் இயக்கி இருவேறு விடைகளைப் பெறுவர். இது திவாகரத்தின் முதல் 10 தொகுதிகளுக்குரிய சிக்கலன்று, 11ஆம் தொகுதிக்குரியது. மறுபெயரின் உண்மையான இடர் ஒருபொருள் பலபெயர் பெறுவதில் இல்லை. ஒருபெயர் பலபொருள் பெறுவதில்தான் உள்ளது. ‘சினானிம்’ என்ற கலைச்சொல் முன்னதை நோக்கியே நம் கவனத்தைத் திருப்பிவிடுகிறது.

4. சரிபார்ப்புக் கருவிகளின் எல்லை

ஜாவா மொழியில் பரவலாகப் பயன்படும் ஹைபர்நேட் என்னும் நூலகத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நிரலில் வரையறுக்கப்பட்ட வகுப்புகளுக்கு இணையான அட்டவணைகளும் புலங்களும் தரவுத்தளத்தில் உள்ளனவா, வகை பொருந்துகின்றதா என்று தொடக்கத்திலேயே சரிபார்க்கும் வசதி இதில் உண்டு. ஆனால் இச்சரிபார்ப்பு இயல்பான நிலையில் மறுபெயர்களைக் கருத்தில் கொள்வதில்லை. அதற்கெனத் தனியே ஓர் அமைப்பை இயக்க வேண்டும். மறுபெயர்களைச் சேர்த்தால், குறிப்பாக ஆரக்கிளில், ஒரே அட்டவணை இருமுறை வந்துவிடக்கூடும் என்பதே அது அணைத்து வைக்கப்பட்டுள்ளமைக்கு அந்நூலகத்தின் ஆவணம் கூறும் காரணம். ஆரக்கிளின் ஜாவா இணைப்பியும் இவ்வாறே. மறுபெயரைக் கொடுத்துப் புலங்களைக் கேட்டால், அதற்குரிய அமைப்பை இயக்காதவரை, இயல்பான நிலையில் அது புலங்களைத் தருவதில்லை.

இக்காரணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இருபெயரில் வரும் ஒன்றையும், இருபெயரில் வரும் இரண்டையும் வேறுபடுத்தும் வழி கருவிக்கு எளிதில் கிட்டவில்லை. ஆதலால் மறுபெயர்களையே அது பார்வைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. விளைவு, செம்மையாக இயங்கும் மறுபெயரும் ‘அட்டவணை இல்லை’ என்று அறிவிக்கப்படுகிறது. இவ்வறிவிப்பால் சலிப்புற்ற பயனர் சரிபார்ப்பையே நிறுத்திவிட வாய்ப்புண்டு. அமைப்பை இயக்கினாலும் கிடைப்பது பெயர், புலம், வகை ஆகியவற்றின் பொருத்தமே. அப்பொருத்தம் உடைய வேறோர் அட்டவணையை அது தடையின்றி ஏற்றுக்கொள்ளும்.

5. இருவகைப் பிழைகள்

மேற்கூறியவற்றைத் தொகுத்தால் மறுபெயரில் நேரும் பிழைகள் இருவகைப்படும். முதல்வகை, பொருளற்ற பெயர். இது வினவும்போதே தன்னை வெளிப்படுத்திவிடும். பிழை எண் எழும், வினவல் நிற்கும், ஆய்வாளர் திருத்துவார். இதனால் நேரம் வீணாகும், முடிவு கெடாது. இரண்டாம் வகை, பொருள் மாறிய பெயர். இதில் எதுவும் நிற்பதில்லை. விடை வரும், அது தவறான விடை என்பதற்கு வினவலில் அடையாளம் எதுவும் இராது.

முன்னுரையில் கூறிய நிகழ்வு இரண்டாம் வகையைச் சார்ந்தது. அத்தரவுத்தளத்தில் குறுந்தொகைக்கு இரண்டு அட்டவணைகள் இருந்தன. ஒன்றில் பாடல்கள் சீர் அடிப்படையில் பிரிக்கப்பட்டிருந்தன. மற்றொன்றில் சந்தி பிரித்துச் சொல் அடிப்படையில் பிரிக்கப்பட்டிருந்தன. ‘யாதென’ என்பது முன்னதில் ஓர் அலகு. பின்னதில் ‘யாது’, ‘என’ என ஈரலகு. ‘என’ என்பதனை முழு அலகாகத் தேடும் வினவல், முதல் அட்டவணையில் அது தனித்து நின்ற இடங்களை மட்டுமே தரும். இரண்டு அட்டவணைகளிலும் பாடல் எண், அடி எண், அலகு எண், அலகு என்னும் புலங்கள் ஒரே பெயரிலும் ஒரே வகையிலும் அமைந்திருந்தன. எந்தச் சரிபார்ப்புக் கருவியும் இவ்விரண்டையும் வேறுபடுத்தியிராது. தொல்காப்பியர் இடையியலில் தனித்து விதந்து கூறும் ஓர் இடைச்சொல்லின் வருகை குறித்த முடிவு, ஒரு மறுபெயரின் திசைமாற்றத்தால் பொய்யாகியிருக்கும்.

அச்சுநூல் சார்ந்த ஆய்வில் இத்தகைய பிழைக்கு இடம் குறைவு. குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கன் 1915இலும், உ.வே.சாமிநாதையர் 1937இலும் பதிப்பித்தனர். 1940இல் வெளிவந்த சமாஜப் பதிப்பில் சங்க இலக்கியம் முழுமையும் எஸ். வையாபுரிப்பிள்ளையால் தொகுத்து வெளியிடப்பட்டது. பாடவேறுபாடு குறித்து எழுதும் எவரும் ‘குறுந்தொகை’ என்று மட்டும் கூறி அமைவதில்லை. எப்பதிப்பு என்று கூறுவர். கூறாதவரைப் புலமையுலகம் ஏற்பதில்லை. நூற்பெயர் ஒன்றாக இருப்பினும் பனுவல் ஒன்றல்ல என்பதைப் பதிப்பியல் நமக்குக் கற்பித்துள்ளது. தரவுத்தளத்திற்கு வரும்போது மட்டும் இக்கல்வியை நாம் மறந்துவிடுகிறோம்.

6. அடிப்படை அட்டவணையின் மீதரவில் காண வேண்டியவை

மறுபெயர் சுட்டும் அட்டவணையைக் கண்டறிந்தபின் அதன் மீதரவில் எவற்றை நோக்க வேண்டும் என்னும் வினா எழுகிறது. தமிழ்த்தரவைப் பொறுத்தவரை நான்கு கூறுகள் முதன்மையானவை.

முதலாவது, அடையாளம். எஸ்க்யூஎல் சர்வர், ஆரக்கிள் ஆகிய இரண்டும் ஒவ்வோர் அட்டவணைக்கும் அடையாள எண், உருவான நேரம், அமைப்பு இறுதியாக மாறிய நேரம் ஆகியவற்றைப் பேணுகின்றன. ஓர் அட்டவணை நீக்கப்பட்டு அதே பெயரில் மீண்டும் உருவாக்கப்பட்டால், மறுபெயரும் மாறாது, சொந்தப்பெயரும் மாறாது, அடையாள எண்ணும் உருவான நேரமும் அதனைக் காட்டிக்கொடுக்கும். ஆரக்கிளில் மறுபெயரின் இறுதிப்பொருளை அறிய ‘டிபிஎம்எஸ்_யுடிலிட்டி’ தொகுப்பில் உள்ள பெயர்தீர்வு நிரல் உதவும்.

இரண்டாவது, புலவகை. எஸ்க்யூஎல் சர்வரில் ‘வார்கேர்’ வகைப் புலத்தில், யுடிஎஃப்-8 ஒப்பீட்டுமுறை அமையாதபோது, தமிழ் எழுத்துகள் வினாக்குறிகளாக மாறிச் சேமிக்கப்படும். இதற்கும் பிழைச் செய்தி எழாது. அம்முறை 2019ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முற்பட்ட அட்டவணைகளில் ‘என்வார்கேர்’ வகையே தமிழுக்குரியது. மறுபெயர் வழியாகத் தரவை உள்ளிடுபவருக்கு அடிப்படைப் புலத்தின் வகை கண்ணுக்குப் புலனாவதில்லை என்பதால் இச்சோதனை கட்டாயமாகிறது.

மூன்றாவது, நீளம். ‘கொற்றவை’ என்னும் சொல் இலக்கண நோக்கில் 4 எழுத்துகள். யுனிகோடு நோக்கில் 7 குறியீடுகள். ‘கொ’ என்பதன் ஒகரக்குறியை இருபகுதியாகப் பிரித்து உள்ளிட்டிருந்தால் 8 குறியீடுகள். 50 என்று வரையறுக்கப்பட்ட என்வார்கேர் புலம் 50 தமிழெழுத்துகளைத் தாங்காது. சிஸ்.காலம்ஸ் பட்டியல் இதே புலத்தின் நீளத்தைப் பைட் கணக்கில் 100 என்று காட்டும். இவற்றை எழுத்தெண்ணிக்கை என மயங்கலாகாது.

நான்காவது, ஒப்பீட்டுமுறை. யுனிகோடு வரிசையில் ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகரமும் ழகரமும், அதன்பின் வகரமும் நிற்கின்றன. னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. தமிழ் நெடுங்கணக்கின் முறை இதுவன்று. இரும ஒப்பீட்டுமுறை கொண்ட புலத்திலிருந்து பெறும் சொல்லடைவு அகரவரிசையில் அமையாது. அதே முறையில், பிரித்து உள்ளிட்ட ‘கொ’வும் சேர்த்து உள்ளிட்ட ‘கொ’வும் வேறுவேறு சொற்களாக எண்ணப்படும். ஒரே வினவல் இருவேறு ஒப்பீட்டுமுறை கொண்ட அட்டவணைகளில் இருவேறு எண்ணிக்கைகளைத் தருவது இதனாலேயாம்.

இந்நான்கும் பொருந்தினாலும் உள்ளடக்கம் ஒன்றே என்று கூறிவிட முடியாது. ஐங்குறுநூற்றில் 129, 130 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. ஓர் அட்டவணை அவற்றுக்கு வெற்றிடப் பதிவுகளை வைத்திருக்கலாம், மற்றொன்று விட்டிருக்கலாம். குறுந்தொகையில் கடவுள் வாழ்த்தை ஓர் அட்டவணை சேர்த்திருக்கலாம். மற்றொன்று 401 பாடல்களை மட்டும் கொண்டிருக்கலாம். இத்தகைய பதிப்பு முடிவுகளை எம்மீதரவும் தானாகக் கூறாது. அட்டவணையை உருவாக்குபவர் அதன் விளக்கக்குறிப்பில் எழுதினால் மட்டுமே அவை நிலைபெறும். அதற்கான இடத்தை எஸ்க்யூஎல் சர்வரும் ஆரக்கிளும் தந்துள்ளன. நாம் அதனை வெறுமையாக விட்டு வைத்துள்ளோம். பதிவுகளின் எண்ணிக்கையும் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் ஹாஷ் மதிப்பும் இதற்குத் துணையாவன. அமைப்பு மாறாமல் உள்ளடக்கம் மட்டும் திருத்தப்பட்டால் அதனைக் காட்டுவது ஹாஷ் மதிப்பே.

7. ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

பெயரளவில் பிணைத்தலே மறுபெயரின் பயன் என்று கூறி இத்திறனாய்வை மறுக்கலாம். அட்டவணையை வேறிடத்திற்கு மாற்றும்போது வினவல்கள் அனைத்தையும் திருத்தாமல், மறுபெயரை மட்டும் நீக்கி மீண்டும் உருவாக்கினால் போதும். சோதனையைப் பிற்படுத்தாவிட்டால் இவ்வசதிக்கு இடமில்லை. அலுவலகச் செயலிகளைப் பொறுத்தவரை இம்மறுப்பு முழுவதும் ஏற்கத்தக்கது. அங்கு வேண்டப்படுவது இன்றைய நிலை; பெயர் எப்போதும் நடப்புத் தரவைச் சுட்டுவதே முறை.

ஆய்வு அத்தகையதன்று. ஆய்வேட்டில் அச்சான எண் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட பனுவலிலிருந்து பெறப்பட்டது. பின்வரும் ஆய்வாளர் அதனை மீண்டும் பெற்றுப் பார்க்க இயல வேண்டும். நடப்பைச் சுட்டுவதற்கென அமைந்த பெயரைக் கொண்டு கடந்த ஒன்றை மேற்கோள் காட்டுவதே இங்கு நேரும் தவறு. குறை மறுபெயரில் இல்லை. மறுபெயரைச் சான்றாகக் கொள்வதில் உள்ளது. எனினும், உருவாக்கப்பட்ட பொழுதில் எப்பொருளைச் சுட்டியது என்பதை மீதரவில் ஒரு குறிப்பாகவேனும் சேமித்திருந்தால், பிற்படுத்தலின் பயனும் கெட்டிராது. பொருள் மாற்றமும் மறைந்திராது. அதனைச் செய்யாமை இவ்விரு மென்பொருள்களின் குறையே.

முடிவுரை

மறுபெயரின் செல்லுபடியைச் சோதித்தல் என்பது இன்று பெயருக்குப் பொருள் உண்டா என்று சோதிப்பதாகச் சுருங்கியுள்ளது. அச்சோதனை தவிர்க்கும் பிழை, தானே வெளிப்படும் பிழை. தானே வெளிப்படாத பிழையை அடிப்படை அட்டவணையின் அடையாளம், புலவகை, நீளம், ஒப்பீட்டுமுறை, உள்ளடக்கம் ஆகியவற்றை நோக்கியே அறிய இயலும். ஆதலின் தரவுத்தளத்தைச் சார்ந்து முடிவு கூறும் தமிழாய்வேடுகளில், வினவலோடு அது இயங்கிய நாள், மறுபெயர் சுட்டிய அட்டவணையின் முழுப்பெயர், அது உருவான நேரம், பதிவுகளின் எண்ணிக்கை, ஹாஷ் மதிப்பு, அடிப்படையாகக் கொண்ட பதிப்பு ஆகியவற்றைத் தருதல் வேண்டும் என இக்கட்டுரை முன்மொழிகிறது. இவை அரைப்பக்கத்தில் அடங்குவன. நெறியாளரும் தேர்வாளரும் அச்சுநூலுக்குப் பதிப்பாண்டு கேட்பதுபோல இவற்றையும் கேட்பாராயின் இவ்வழக்கம் விரைவில் நிலைபெறும்.

இக்கட்டுரையாளரின் இயல் வரைவு திருத்தப்பட்டுவிட்டது. அதில் இப்போது ‘குறுந்தொகை’ என்ற பெயர் வினவலில் இடம்பெறவில்லை. சந்தி பிரித்த அட்டவணையின் சொந்தப்பெயரே இடம்பெறுகிறது. வினவல் நீண்டுவிட்டது, எதனை எண்ணினோம் என்பது தெளிவாயிற்று.